நொடித்துப்போன நெல் வியாபாரிக்கு எந்தச் சட்டம்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில் கடனில் மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதலாளிக்கு எந்தச் சட்டம் என்பதைக் கடன் தொகை தீர்மானிப்பதில்லை, மில் யார் பெயரில் நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டம். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் விசாரணை, 180 நாள் கெடு, நீட்டித்தால் 270, வழக்குகளில் போகும் நாளையும் சேர்த்து 330. அதே மில் தனி ஆள் பெயரிலோ அண்ணன் தம்பி பங்குதாரராகவோ நடந்தால் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 500 ரூபாய்க் கடனை வரம்பாக வைத்து வெள்ளைக்காரன் எழுதியது.

டெல்டாவின் தொழிலைப் பாருங்கள். அரிசி ஆலை, உரக்கடை, கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறை, திருபுவனத்துப் பட்டு வியாபாரம், பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டி. பெரும்பாலும் தனி ஆள் தொழில், இல்லாவிட்டால் குடும்பப் பங்கு. புதிய சட்டம் வந்துவிட்டது என்று டெல்லியில் எத்தனை முறை சொன்னாலும் இவர்கள் வாசலுக்கு அது வரவில்லை.

வராததற்குக் காரணம் சட்டம் எழுதப்படாதது அல்ல. 2016 சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபருக்கும் பங்குதாரர் தொழிலுக்கும் என்றே எழுதப்பட்டது. அதை ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்கள். மற்றவர்களுக்கு அந்தப் பாகம் இன்னும் ஏட்டில்தான் கிடக்கிறது. 1920 சட்டத்தை ரத்து செய்யும் பிரிவும் அப்படியே.

விளைவைச் சொல்கிறேன். 2016 சட்டம் எழுதப்பட்டபடி, பல கோடிக் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்த அன்றே இடைக்காலத் தடை பிறந்துவிடுகிறது, அவர் மேல் உள்ள கடன் வழக்குகள் அப்படியே நிற்கின்றன. திருவாரூரில் மளிகைக்கடை வைத்து எட்டு லட்சம் கடனாளியானவருக்கு அந்தத் தடை கிடையாது. இது அநியாயம்.

சரி, இருக்கிற 1920 சட்டம் என்ன செய்யும்? நம் ஊரில் "ஐ.பி. போட்டுட்டான்", "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்று சொல்வது இதைத்தான். மனு போகும் இடம் அந்தப் பகுதியின் சார்பு நீதிமன்றம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பணத் தீர்ப்பில் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று, கூடவே கடனை அடைக்க முடியாத நிலை. மனுவில் ஒவ்வொரு கடன்காரரின் (கடன் கொடுத்தவரின்) பெயர், முகவரி, தொகை, கடனின் விவரம் வரவேண்டும். எல்லாச் சொத்தும் மதிப்போடு, இருக்கும் இடத்தோடு வரவேண்டும். அதை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கத் தயார் என்ற உறுதிமொழியும் வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும்.

இங்கேதான் முதல் சறுக்கல். நம் ஆட்கள் பேங்கு கடனையும் புரோநோட்டுக் கடனையும் எழுதுவார்கள். கைமாத்து, சீட்டு எடுத்த பாக்கி, களத்துமேட்டில் கடனாக வாங்கிய நெல்லுக்கான பாக்கி ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். விடுபட்ட கடன்காரர் ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்தால் போதும், மனுதாரர் மறைத்தார் என்ற பேச்சு கிளம்பிவிடும். சொத்துப் பட்டியலிலும் அதே கதை. பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தில் தனக்குள்ள பங்கு சொத்துதான், மண்டியில் வரவேண்டிய பாக்கியும் சொத்துதான். இரண்டையும் எழுத வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் செய்வது என்ன? வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட், நிலத்தை மச்சான் பெயருக்குக் கிரயம். பிறகு ஐ.பி. போட்டால் எல்லாம் தப்பிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படித் தப்பாது. உண்மையான விலை வாங்காமல் எழுதிய பத்திரத்தின் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நொடிப்பு மனு போடப்பட்டு, அதில் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், ரிசீவர் (திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேண்டப்பட்ட ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகப் பணம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். கடன்காரர்களை ஏய்க்க எழுதிய பத்திரம் நொடிப்புச் செயல் என்ற கணக்கில் வரும். அதைக் காட்டி மூன்று மாதத்துக்குள் கடன்காரரே மனு போடலாம். இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவதும் கடன்காரர்களை ஏய்க்கும் நோக்கில் என்றால் அதே கணக்கு.

பத்திரம் எழுதாமல் விட்டாலும் சில பொருள்களைச் சட்டமே காப்பாற்றுகிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவை ரிசீவர் கைக்குப் போகாது. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல், கைவினைஞரின் கருவிகள், சமையல் பாத்திரம், உடுதுணி, தாலி. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டையே பேங்கில் அடமானம் வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பேங்குக்கு எதிராக நிற்காது.

அடமானம் என்றதும் அடுத்த தப்பெண்ணம். ஐ.பி. போட்டால் பேங்கு ஏலம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. ஈடு வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவரின் உரிமையை 1920 சட்டம் தொடுவதே இல்லை. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்து விற்க வழிகொடுக்கும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி பேங்கு தன் வழியில் போகும். அடகு நகைக்கும் இதே நிலைதான். புரோநோட்டு, கைமாத்து போன்ற ஈடில்லாக் கடன்காரர்களைத்தான் ஐ.பி. கட்டுப்படுத்தும். அதுவும் மனு போட்ட அன்று தானாக அல்ல. திவாலானவர் என்ற உத்தரவு வந்த பிறகுதான், நீதிமன்ற அனுமதியில்லாமல் அவர்கள் தனியாக வசூல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்ற நிலை வருகிறது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு.

செக் வழக்கு இருக்கிறதே, அது தனி ரகம். டெல்டாவில் வட்டிக்குக் கொடுப்பவர் புரோநோட்டோடு, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு மூன்று செக்கும் வாங்கி வைத்துக்கொள்வது வாடிக்கை. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டுமே. ஐ.பி. உத்தரவு கையில் இருந்தாலும் இந்த வழக்கு ஓடும். நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கடனின் உண்மைக் கதை, எவ்வளவு அசல், எவ்வளவு கட்டியாயிற்று என்பது அந்தப் பதிலிலேயே பதிவாக வேண்டும்.

ஜாமீன் போட்ட அத்தானும் சித்தப்பாவும் தப்புவதில்லை. கடனாளிக்குக் கிடைக்கும் விடுவிப்பு, அதாவது பழைய கடன்களிலிருந்து நீதிமன்றம் தரும் விடுதலை, ஜாமீன்தாரரைச் சேராது என்று சட்டமே சொல்கிறது.

இனி விடுவிப்பு. என் பார்வையில் முழு நடைமுறையிலும் முக்கியமான இடம் இதுதான், அதிகம் கோட்டைவிடும் இடமும் இதுதான். திவாலானவர் என்று உத்தரவு போடும்போதே, எத்தனை மாதத்துக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும் என்று நீதிமன்றம் கெடு குறிக்கும். உத்தரவு கைக்கு வந்ததும் "அப்பாடா, முடிஞ்சுது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கெடு தாண்டினால் உத்தரவே ரத்தாகும். கடன்காரர்கள் பழையபடி வருவார்கள். மறுபடி ஐ.பி. போட நீதிமன்ற அனுமதி வேண்டும். உத்தரவுக்கும் விடுவிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் கிடைக்கும் சொத்தும் ரிசீவரைச் சேரும், அப்பா இறந்து வரும் நிலப்பங்கு உட்பட. தான் விடுவிக்கப்படாத திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை. அந்த 50 ரூபாயை நூறு வருடமாக யாரும் மாற்றவில்லை.

விடுவிப்புக்கு இன்னொரு தடை, ரூபாய்க்கு 50 பைசா விதி. சொத்தை விற்றுக் கடனில் பாதியாவது தேறாவிட்டால் முழு விடுவிப்பை மறுக்க வேண்டும். தன் பொறுப்பில் இல்லாத காரணத்தால் அப்படி ஆனது என்று காட்டினால் விலக்கு உண்டு. டெல்டாக்காரருக்கு உயிர்நாடி இந்த விலக்குதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் விழுந்த தென்னை, அறுவடை நேரத்து மழையில் முளைத்துப்போன சம்பா, மேட்டூர் தண்ணீர் வராமல் போன குறுவை எல்லாம் தன் பொறுப்பில் இல்லாத காரணங்களே. வாயால் சொன்னால் நிற்காது. அடங்கல் (கிராமத்துப் பயிர்க் கணக்கு), கிராம நிர்வாக அலுவலர் சான்று, நிவாரணம் வரவான பாஸ்புக் பக்கம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றை அந்தந்த வருடத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் பாவம், பலருக்கு அடங்கலில் பெயரே இருக்காது. இழப்பு அவருடையது, ஆவணம் வேறொருவர் பெயரில்.

நீதிமன்றம் போகும் முன் பேங்கில் கேட்க வேண்டியவை உண்டு, அவற்றுக்கும் நேரம் இருக்கிறது. தவணை தவறி 30 நாள் வரை ஒரு நிலை, 60 நாள் வரை ஒரு நிலை, 90 நாள் வரை ஒரு நிலை, அதன் பிறகு வாராக்கடன். பயிர்க்கடனுக்குக் கணக்கு வேறு. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம். ரைஸ் மில் போன்ற சிறுதொழிலுக்கு, 25 கோடி வரையிலான கடனில், வாராக்கடன் ஆக்கும் முன் சீரமைப்புக்கு வழி பார்க்க வேண்டும் என்ற விதிமுறை இருக்கிறது. அது பேங்குகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தான் சிறுதொழில் என்பதற்கான ஆதாரத்தைக் கடன் வாங்கியவர் உரிய நேரத்தில் வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே உத்யம் என்ற சிறுதொழில் பதிவின் நகலோடு, முதல் தவணை தவறும்போதே எழுத்தில் கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது பதிவில் ஏறாது. நெல்லை வாங்கி விற்பது மட்டுமே தொழில் என்றால் உத்யம் பதிவு முன்னுரிமைக் கடனுக்குத்தான் உதவும், இந்தச் சீரமைப்பை எதிர்பார்க்க முடியாது.

பயிர்க்கடனுக்குப் பேரிடர் சலுகை உண்டு. ரிசர்வ் வங்கி 2018-இல் தொகுத்த வழிகாட்டுதலில், மகசூல் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு வருடம் வரை, 50 சதவீதத்துக்கு மேல் என்றால் ஐந்து வருடம் வரை தவணையை மாற்றலாம் என்று இருந்தது. ஆனால் பேரிடர் நடந்த நாளில் ஏற்கனவே தவணை தாண்டிய கடனுக்கு அது கிடையாது என்றும் அதில் இருந்தது. போன பருவத்துப் பாக்கியோடு இருப்பவருக்குப் புயல் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அந்தக் கதவு திறக்கவில்லை. மிகவும் நொந்தவரை வெளியே நிறுத்திய விதி அது.

சர்ஃபேசி நோட்டீஸ் வந்தால் 60 நாள். அதற்குள் ஆட்சேபம் எழுதினால் பேங்கு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்தபின் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. நிலம் உண்மையில் விவசாயத்தில் இருப்பதைக் காட்ட வேண்டியவர் கடன் வாங்கியவர்தான். மில் களமாக சிமெண்டு போட்ட நஞ்சையை யாரும் காப்பாற்ற முடியாது.

வாரக் கடன், குழுக் கடனில் சிக்கிய பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. 2016 சட்டத்தில் இவர்களுக்கென்றே "புதிய தொடக்கம்" என்ற நடைமுறை எழுதியிருக்கிறது. தகுதி என்ன தெரியுமா? ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக்கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையிலான குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லிவிட்டது. கடன் கொடுக்க 3 லட்சம், கடனிலிருந்து மீட்க 60,000. வீட்டு விதி இன்னும் கொடுமை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அரசு கட்டிக்கொடுத்த வீடும் நத்தம் பட்டாவில் வந்த தொகுப்பு வீடும் சொந்த வீடுதான். அந்த ஒரு காரணத்தால் விவசாயத் தொழிலாளிக் குடும்பம் தகுதி இழக்கும். இது நடைமுறைக்கு வரும் நாளில் வருமான வரம்பு குறைந்தது அந்த 3 லட்சமாவது ஆக வேண்டும், கடன் வரம்பும் அதற்கேற்ப உயர வேண்டும், அரசு கொடுத்த வீட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அதுவரை இவர்கள் கையில் இருக்கும் பிடிமானம் சிறியது, ஆனால் உண்மையானது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை கட்டும்படி நுண்கடன் கொடுக்கக்கூடாது. வசூல் ஆள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போடக்கூடாது. பணத் தீர்ப்பில் பெண்ணைக் கைது செய்ய முடியாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வட்ட சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

மூன்றாம் பாகத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்பவர்களோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அதில் தனிநபர் மனுக்கள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி 35,000 ரூபாய்க் கடனுக்காக மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற முடியுமா? 1920 சட்டத்தில் நல்லது ஒன்று உண்டென்றால் அது கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பட்டுக்கோட்டையிலும் இருக்கும் சார்பு நீதிமன்றம். மனு கொடுத்த அன்றே தடை, திவால் உத்தரவிலிருந்து ஒரு வருடத்தில் விடுவிப்புக்கு வழி என்ற 2016-இன் விதிகளை இந்த நீதிமன்றங்களின் கையில் கொடுங்கள். சட்டத் திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்பு வரும்போதெல்லாம் டெல்டாவின் வணிகர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் வக்கீல் சங்கங்களும் எழுதிக் கொடுக்க வேண்டியது இதைத்தான்.