விற்பதற்கு முன் ஒதுக்கிய நிலம்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துப் பழைய ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்ற முறையைப் புகழாமல் விடுவதில்லை. காட்டைக் கட்டம் கட்டி அளந்து, எளியவனுக்கும் நிலம் கிடைக்கச் செய்த ஏற்பாடு என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஊர்களில் இன்றும் நிலைத்திருக்கும் நல்லவற்றில் பெரும்பகுதி, "இது விற்பனைக்கு அல்ல" என்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்த சில நிலங்களால் வந்தது. சதுரத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

ஏற்பாடு இதுதான். 1785 மே 20 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 பிரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அளப்பதற்கு 66 அடிச் சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல்; 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாம் மனை வாங்கும்போது பேசும் சென்ட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்: ஒரு சதுரச் சங்கிலி சரியாக 10 சென்ட். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, பென்சில்வேனியா எல்லை ஓஹையோ ஆற்றைத் தொடும் இடத்திலிருந்து அரசின் நில அளவைத் தலைவர் தாமஸ் ஹட்சின்ஸ் மேற்கு நோக்கி அளக்கத் தொடங்கினார்.

காகிதத்தில் அழகான திட்டம். நிலம் அப்படி இல்லை. பழங்காலப் பனிப்பாறைகள் ஓஹையோவின் வடக்கையும் மேற்கையும் மழித்துச் சமமாக்கின. தென்கிழக்கை அவை தொடவில்லை. அங்கே எங்கு பார்த்தாலும் குன்றும் ஓடையும்தான். அந்த மேடுபள்ளத்தின் மேல் நேர்கோட்டை இழுத்தால் என்ன ஆகும்? ஒருவனுக்கு ஆற்றோரத்து வண்டல், அடுத்தவனுக்கு ஏர் பூட்ட முடியாத சரிவு. இருவருக்கும் பத்திரத்தில் ஒரே ஏக்கர் கணக்கு. மாநிலத்தின் மேற்கில் சாலைகள் கட்டத்தின் கோட்டிலேயே நேராக ஓடுகின்றன. தென்கிழக்கில் அவை மலைமுகட்டையோ ஓடைக்கரையையோ பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகின்றன. கோட்டை மறந்து, தண்ணீரின் போக்கைப் பார்த்து முதலில் வண்டித்தடம் போட்டவர்களிடம்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

எளியவனுக்கு நிலம் என்பதும் தொடக்க ஆண்டுகளுக்குப் பொருந்தாது. ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர். தனி ஆள் வாங்குவதானால் குறைந்தது ஒரு முழுப் பிரிவு. 640 டாலருக்கு அன்றைய உழவன் எங்கே போவான்? கோடரியோடு வந்து, யாரையும் கேட்காமல் குடிசை போட்டவர்களை ராணுவம் விரட்டியது, குடிசைகளைக் கொளுத்தியது. மஸ்கிங்கம் ஆறு ஓஹையோ ஆற்றில் கலக்கும் இடத்தில் 1785இல் ஹார்மர் கோட்டையைக் கட்டியதற்கே இவர்களைத் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். விற்கும் குறைந்தபட்ச அளவை 1800இல் 320 ஏக்கராகவும், 1804இல் 160 ஆகவும், 1820இல் 80 ஆகவும் குறைத்த பிறகுதான் சிறு உழவனால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

1788 ஏப்ரல் 7 அன்று, அந்தக் கோட்டைக்கு எதிர்க்கரையில், ரூஃபஸ் புட்னம் தலைமையில் 48 பேர் படகிலிருந்து இறங்கி மரியெட்டா ஊரை அமைத்தார்கள். ஊர் வரலாறு அன்றுதான் தொடங்கியது என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. பூர்வகுடிகளான டெலவேர், ஷாவ்னி, வயாண்டாட் மக்கள் அந்த ஆறுகளை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1791 ஜனவரியில் வந்தேறிகளின் பிக் பாட்டம் குடியிருப்பை அவர்கள் தாக்கியதும் அதன்பின் மூண்ட போர்களும் அந்த மண்ணுக்காகத்தான். 1795இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஓஹையோவின் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போனது. யாருடைய நிலத்தில் சங்கிலி பிடித்தார்கள் என்பதைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறுதான்.

இத்தனைக்கும் பிறகு, நான் மனதாரப் பாராட்டும் ஒன்று அந்த ஏற்பாட்டில் உண்டு. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் பிரிவு பள்ளிக்கு என்று 1785ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்தது. ஒரு பிள்ளைகூடப் பிறக்காத ஊருக்குப் பள்ளி நிலம்! புட்னம் குழுவை அனுப்பி மரியெட்டாவை அமைத்த நில நிறுவனமான ஓஹையோ கம்பெனியின் நிலத்தில் 29ஆம் பிரிவு சமயப் பணிக்கு. இரண்டு முழு டவுன்ஷிப்கள் பல்கலைக்கழகத்துக்கு. ஏதென்ஸ் ஊரில் 1804இல் அமைந்த ஓஹையோ பல்கலைக்கழகம் அப்படி வந்ததுதான், இன்றும் நடக்கிறது.

இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுகிறது. மரியெட்டாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகளும் மண்சுவர்களும் இருந்தன. தெருவுக்குக் கோடு போட வந்தவர்கள் அவற்றை வெட்டிச் சாய்க்காமல், மனைக் கணக்கில் சேர்க்காமல், பொதுச் சதுக்கங்களாக ஒதுக்கினார்கள். கூம்பு வடிவப் புதைமேட்டைச் சுற்றி ஊரின் இடுகாடு அமைந்தது. மேடு சுமார் 30 அடி உயரத்தில் இன்றும் நிற்கிறது. தட்டையான மேடைகளில் ஒன்றின்மேல் பொது நூலகம் இருக்கிறது.

ஆற்றை நோக்கி இறங்கிய பாதைக்குச் சாக்ரா வியா (லத்தீனில் 'புனித வழி') என்று பெயர் வைத்தார்கள். அதன் இருபுறமும் உயர்ந்த மண்சுவர்கள் இருந்தன. அடுத்த தலைமுறை அந்தச் சுவர்களைச் செங்கல் அறுக்கக் கொடுத்துவிட்டது. பாதையின் புல்வெளி மட்டும் மிஞ்சியது. செங்கல்லுக்கு மண் அந்த ஆற்றங்கரை நெடுகக் கிடைத்திருக்கும். முன்னோர் பொதுவென்று ஒதுக்கியதை, அதிலும் வேறொரு மக்கள் கட்டியதை, சூளைக்குக் கொடுக்க அந்த ஊராருக்கு எந்த உரிமையும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.