துக்கத்தை விற்கிறாராம்

நேற்று ராத்திரி அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடுகிற அமெரிக்கப் பாடகர் ஃபில் எல்வ்ரம், இறந்துபோன மனைவியைப் பற்றிப் பாடிய 'எ க்ரோ லுக்ட் அட் மீ' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பெண் நாலு வரி எழுதியிருந்தாள், அவ்வளவுதான். உடனே நம் பெரியவர் வந்து, "பொண்டாட்டி செத்ததையும் காசாக்கிட்டான், இதுக்குப் பேர் கலையா?" என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சார், நீங்கள் முதல் நிமிடத்தைக்கூடக் கேட்கவில்லை. பாட ஆரம்பித்ததுமே ஃபில் எல்வ்ரம் இதைத்தான் சொல்கிறார். சாவு நிஜம், இது பாடுகிற விஷயம் இல்லை, கலையாக்குகிற விஷயமும் இல்லை என்கிறார். உங்கள் குற்றச்சாட்டை உங்களுக்கு முன்னாலேயே தன்மேல் சுமத்திக்கொண்டுதான் அந்த மனிதர் வாயையே திறக்கிறார். கேட்டுவிட்டுத் திட்டுங்கள் சார், அதுகூடவா கஷ்டம்?

அவர் மனைவி ஜெனவீவ் காஸ்ட்ரே கியூபெக்கில் பிறந்தவர், காமிக்ஸ் வரைவார், பாடவும் செய்வார். 2015இல் பெண் குழந்தை பிறந்த சில மாதங்களில் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2016 ஜூலையில் போய்விட்டார், வயது 35. வாஷிங்டன் மாநிலத்து அனகோர்ட்டஸில் அவர் உயிர் பிரிந்த அதே அறையில், அவருடைய கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் வைத்துக்கொண்டு, அவர் விட்டுப்போன தாள்களில் எழுதி, கணவர் பதிவு செய்ததுதான் இந்த ஆல்பம். 2017 மார்ச்சில் தன் சொந்த மியூசிக் லேபிளில் வெளியிட்டார். காசு பண்ணுகிறவன் இப்படியா பண்ணுவான்?

முதல் பாட்டிலேயே ஒரு பார்சல் வருகிறது. மனைவி இறந்து ஒரு வாரம் கழித்து, மனைவி பெயருக்கு. பிரித்தால் உள்ளே ஒரு சின்ன முதுகுப்பை. இன்னும் சில வருடம் கழித்து மகள் பள்ளிக்கூடம் போவாளே, அதற்காக ரகசியமாக ஆர்டர் செய்து வைத்திருக்கிறார். தான் இருக்க மாட்டோம் என்று தெரிந்தே. கணவர் வாசற்படியில் விழுந்து அழுகிறார். இதை உவமை, அலங்காரம் எதுவும் இல்லாமல், யாரிடமோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

என் அக்கா இறந்துபோன பிறகு எங்களுக்கு அவளுடைய டெய்லரிடமிருந்து போன் வந்தது. "பிளவுஸ் ரெடிம்மா, கை மட்டும் கொஞ்சம் லூசா வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்க" என்றார். நான்தான் எடுத்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, போய்க் காசு கொடுத்து வாங்கியும் வந்தேன். அந்த டெய்லரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. இதை வீட்டில் யாரிடமும் பேச முடியாது. அம்மா காதில் விழுந்துவிடும் என்பார்கள், உடனே கிரிக்கெட்டுக்கு மாறிவிடுவார்கள். அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு, மளிகைக் கடையில் எதிர்ப்படுகிற ஆட்கள் இவரைப் பார்த்ததும் சங்கடப்படுவது பற்றி. செத்துப்போன மனைவியைப் பற்றி இன்னும் எவ்வளவு நாள் நான் பேசுவதைக் கேட்பீர்கள் என்று அவரே கேட்டுவிடுகிறார். வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான்.

"அழுகை வந்தால் வீட்டுக்குள் அழட்டுமே" என்பீர்கள். எந்த வீட்டுக்குள் அழ விடுகிறார்கள், சொல்லுங்கள்? "விலை வைத்து விற்றாரே" என்றால், ஒப்பாரி பாட வருகிறவருக்குக் கூலி கொடுத்துப் பழகிய ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியா இது? எல்வ்ரமுக்கும் வீட்டுச் செலவு, குழந்தைக்குப் பால், எல்லாம் உண்டு. ட்யூன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அது உங்கள் ரசனை, விடுங்கள். அப்புறம் கடைசி அஸ்திரம், "2018இலேயே ஒரு நடிகையைக் கட்டிக்கொண்டாரே". கட்டிக்கொண்டார். அடுத்த வருடமே பிரிந்தும் விட்டார்கள், சந்தோஷமா? ஒருத்தர் எத்தனை மாதம் அழுதால் உங்கள் கணக்கில் நிஜமான துக்கம், ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள். இதே ஆட்கள்தான் மனைவி போன ஆணுக்குப் பதினாறாம் நாளே பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலருக்குத் தெரியும். போன வருடம் அக்காவைப் பற்றி எழுதியபோது, "குடும்ப விஷயத்தைப் போட்டு லைக் வாங்குறா" என்று ஃபேமிலி குரூப்பிலேயே ஒருத்தர் எழுதினார். கூட இருந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாக நான் உட்கார்ந்திருந்தபோது எட்டிப் பார்க்காதவர், நான் எழுதினதும் மட்டும் ஓடி வந்துவிட்டார். அந்த முதல் பாட்டின் முடிவில் எல்வ்ரம், இதிலிருந்து பாடம் எதையும் கற்க எனக்கு விருப்பமில்லை என்கிறார். எனக்கும் இல்லை. எனக்கு அக்காவைப் பற்றிப் பேசணும், அவ்வளவுதான்.

இதையும் படிப்பீர்கள் என்று தெரியும், மாமா. அக்காவைப் பற்றிய அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி அத்தையை விட்டுப் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். ஆடியில் அக்காவுக்குத் திதி வருகிறது, அன்றைக்கு இன்னொன்று எழுதுவேன். போட்டோவோடு.