பெட்டியின் மேல் என் பெயர் இருந்தது

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் என்னைக் கேட்காமல் என் பார்சலை அவர்களே பிரித்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். உள்ளே என்ன இருந்தது என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன். மேலே என் பெயர் இருந்தது.

“சரக்கு வாங்குற பையரோட சாம்பிள்னு நெனச்சுட்டோமுங்க” என்றார்கள். சரி. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ கூரியர் வரும், கை தவறும். ஆனால் பிரித்ததுமே சாம்பிள் இல்லை என்று தெரிந்துவிட்டதே? மூடி வைத்துவிட்டு இண்டர்காமில் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பில்லைப் படித்து, செக்கிங் பெண்கள் டீக்குப் போய் வரும் வரை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்கள். இதுவும் கை தவறியதா?

“வீட்டுக்கு வரவழைக்க வேண்டியதுதானே?” என்று சிலர் கேட்கிறீர்கள். அவிநாசியில் காலை 8 மணிக்கு நானும் அவரும் வீட்டைப் பூட்டினால் திறக்க இரவாகிவிடும். கூரியர்காரர் பகல் 11 மணிக்கு வந்தால் யார் வாங்குவது? சொந்தப் பார்சல் கூடாது என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டட்டும், கட்டுப்படுகிறேன். பாதுகாப்புக்காக என்றால் என்னைக் கூப்பிட்டு, என் கையாலேயே பிரிக்கச் சொல்லட்டும். எனக்கு வந்ததை என்னைக் கேட்காமல் பிரிக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்கிறேன்.

“மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் இவ்வளவு கோபம்?” சம்பளச் சீட்டை மடித்துக் கொடுத்து, பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டாதே என்று சொல்வதும் இதே ஆபீஸ்தான். அவர்கள் மறைத்தால் அது ஒழுங்கு, நான் கேட்டால் திமிரா?

1898 அஞ்சல் சட்டத்தில், கடமைக்கு மாறாகத் தபாலைப் பிரித்த அஞ்சல் ஊழியருக்கே 2 ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூனில் அந்தச் சட்டம் போய்ப் புதிது வந்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது தனியார் கம்பெனியைக் கட்டுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அடுத்தவர் தபாலைப் பிரிக்காமல் இருக்கச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டுமா?

17 வயதில் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா நீல இன்லாண்டு லெட்டர் போடும். ஓரத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கும். என் கைக்கு வரும்போது அந்த ஓரம் கிழிந்து, காய்ந்த பருக்கையோடு இரண்டு எழுத்தும் பிய்ந்து போயிருக்கும். ஒருமுறை அம்மா, “மாசாமாசம் சரியா வருதா கண்ணு?” என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிப்பதற்கு முன்பே, தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்ற என்னிடம் வார்டன் சத்தமாகக் கேட்டார்: “ஏனம்மிணி, உனக்கு மாசாமாசம் சரியா வர்றதில்லையா?” வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த லெட்டரில், ஒன்றும் எழுத வேண்டாம் என்று அம்மாவுக்கு எழுதினேன். அம்மாவும் அப்புறம் மழை, ஆடு, சௌக்கியம் தவிர எதுவும் எழுதவில்லை.

“சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாதீங்க அக்கா” என்று எழுதிய தம்பிக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இன்று மத்தியானம் அந்தப் பெட்டிக்குப் புது பிரவுன் டேப் ஒட்டி என் சீட்டில் வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போக இன்னும் மனசு வரவில்லை.