சேமலாப நிதி கேட்டவன் நன்றிகெட்டவனா?

மூன்று நாளாக எழுதாமல் பொறுத்துக்கொண்டிருந்தேன். சேமலாப நிதி கேட்ட பொடியனைக் கடை முதலாளி ஒருவர் குறை சொல்லிப் பேசுகிற அந்தக் காணொளியை இனி நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நேற்று மட்டும் ஏழு பேர் எனக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் சிரிக்கிற ஸ்டிக்கரோடு. சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலாளியின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே போட மாட்டேன். கொமென்டில் யாராவது போட்டால் அழித்துவிடுவேன். அந்த ஒரு மனிதரைவிட, அவர் சொன்னதைக் கேட்டுக் கைதட்டிய நம்மட ஆட்கள்தான் என்னை நோகடித்தார்கள்.

அவர் சொன்னது இவ்வளவுதான். சோறு போட்டேன், படுக்க இடம் கொடுத்தேன், தொழில் பழக்கினேன், கடைசியில் லேபர் ஒபிசுக்குப் போவேன் என்று என்னையே வெருட்டுகிறான், தோட்டத்துப் பொடியன்களை வைத்தால் இப்படித்தான். அந்தப் பொடியன் கேட்டது என்ன? நாலு வருடம் நின்ற கடையில், "மொதலாளி, என் பேர்ல ஈ.பி.எஃப். கட்டுறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். திருடவில்லை. கல்லாவில் கை வைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டான். அடுத்த நாள் காலையில் அவனுடைய பேக் கடை வாசலில் கிடந்தது.

ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதி முதலாளி கொடுக்கிற தர்மம் இல்லை. அது சம்பளம். வயது போன பிறகு கையில் வருகிற சம்பளம். இதை விளங்கிக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்?

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது 1958இல். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். கடையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். "ஒரு வருசம் பார்த்திட்டுப் போடுறேன்" என்று சொல்ல சட்டத்தில் இடமே இல்லை. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும்.

இது எனக்குப் பத்திரிகை வாசித்துத் தெரிந்த விஷயம் இல்லை. கொழும்பு மருதானையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஈ.பி.எஃப். கட்டும்போது அனுப்புகிற சி ஃபோர்மை மாதாமாதம் நிரப்புவது நான்தான். பதினொரு பேரின் பெயர், அங்கத்துவ இலக்கம், சம்பளம், 8, 12, கூட்டுத்தொகை. எங்கள் முதலாளி பெரிய பணக்காரர் இல்லை. 2022இல் சாமான் இறக்க டொலர் இல்லாமல் இரண்டு மாதம் கடையில் தட்டுகள் காலியாகக் கிடந்தன. அந்த மாதங்களிலும் அவர் முதலில் கேட்டது, "தங்கச்சி, ஈ.பி.எஃப். போட்டாச்சா?" என்றுதான். ஆகவே "சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது" என்று எழுதுகிறவர்களிடம் நான் கணக்கு வைத்தே பேசுகிறேன். 30,000 ரூபாய் சம்பளத்துக்கு 12 வீதம் 3,600. மூன்று வீதம் 900. எல்லாமாக மாதம் 4,500, நாளுக்கு 150 ரூபாய். புறக்கோட்டையில் ஒரு பிளேன்டீக்கும் ஒரு வடைக்கும் கொடுக்கிற காசு. அதுகூட அவன் பேரில் போகக் கூடாதா?

இன்னும் ஒன்று. அந்த 30,000 என்பதே சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த மாதச் சம்பளம். 2016இல் 10,000 என்று தொடங்கியது, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. அவனுக்குக் கிடைத்தது அதற்கும் குறைவு. "சாப்பாடும் இடமும் கழிச்சுத்தானே" என்றாராம் அவனுடைய முதலாளி. இடம் என்பது கடைக்கு மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில், ஏழு பேருக்கு ஒரு ஃபேன்.

காலை எட்டரைக்கு ஷட்டர் திறந்தால் இரவு எட்டு மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் நாளுக்குப் பத்தரை மணித்தியாலம், ஆறு நாளில் 63. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது வாரத்துக்கு 45. மிச்சம் 18 மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு ஓ.டி. வர வேண்டும். தீபாவளி, நத்தார் சீசனில் ஞாயிறும் கிடையாது. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நாலு வருடத்தில் அவன் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நன்றி யாருக்கு யார் சொல்ல வேண்டும்?

"பொடியன்களே 8 வீதம் வெட்ட விடுறாங்கள் இல்லை, கையில காசு கேக்கிறாங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். உண்மை, இல்லை என்று சொல்லமாட்டேன். என் சொந்தத் தம்பியே அப்படித்தான் சொன்னான். பத்தொன்பது வயதில், நிதி கையில் வருகிற ஐம்பத்தைந்து வயதை யார் நினைப்பார்கள்? அதனால்தான் இது ஊழியர் வேண்டாம் என்றாலும் விட முடியாத சட்டமாக இருக்கிறது. அதுவும், வேண்டாம் என்று சொன்னவனுக்குக் கட்டாததை விடுங்கள். கேட்டவனை ஏன் துரத்தினீர்கள்?

"நிதியில போட்டா அரசாங்கம் கை வைக்கும்" என்று இன்னொருவர். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் நாட்டுக்குள் வாங்கிய கடனின் நிபந்தனையை மாற்றுவது, என்று எங்கள் நிதியில்தான் கை வைத்தார்கள். அதில் எனக்கும் கோபம். ஆனால் அரசாங்கத்தோடு சண்டை பிடிக்க முதலில் அவன் பேரில் ஒரு கணக்கு இருக்க வேண்டுமே.

ஆட்களை நிறுத்த முடியாதபடி 1971இல் சட்டம் போட்டு முதலாளிமாரின் கையைக் கட்டிவிட்டார்கள் என்கிறவர்களுக்கு நீட்டி எழுத மனம் இல்லை. அந்தச் சட்டம் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடங்களுக்கு. பேக்கை வாசலில் எறிந்த கையை எந்தச் சட்டம் கட்டியிருந்தது?

இனி அப்பாவைப் பற்றி. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பா மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். 1986இல் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். மூன்று ஷட்டர் கடை, பதினெட்டுப் பேர் வேலை. 2009 வரை இருபத்து மூன்று வருடம் நின்றார். "நின்றார்" என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கடையில் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2021இல், கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள். அந்தச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டு வாசற்படியில் இரவு ஒன்பது மணிக்கு வந்து உட்காருவார். அம்மா பேசினில் உப்புப் போட்ட சுடுதண்ணீர் கொண்டுவந்து வைப்பா. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினால், கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். நான் சின்னப் பிள்ளையில் அதை விரலால் அமத்திப் பார்ப்பேன். அமத்தினால் உள்ளே போய்த் திரும்ப வரும். விளையாட்டு என்று நினைத்தேன்.

கடைசியில் நிற்க முடியாமல் போனபோது முதலாளி கூப்பிட்டு ஒரு கவரில் 25,000 ரூபாயும், அம்மாவுக்கு ஒரு சேலையும் கொடுத்தார். அப்பா அந்தக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். "மொதலாளி தங்கமான மனுசன்" என்றார். நாங்களும் நம்பினோம்.

பிறகு நான் கணக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று 1983இலேயே வந்தது தெரிந்தது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அப்பாவின் கடைசிச் சம்பளம் 14,000. ஏழாயிரத்தை இருபத்து மூன்றால் பெருக்கினேன். 161,000. கல்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடியும் பெருக்கினேன். அதே தொகைதான். சேமலாப நிதி சதமும் இல்லை, அவர் பேரில் கணக்கே இருக்கவில்லை. அன்றைக்கு கந்தோர் பாத்ரூமில் போய் அழுதேன். அவருக்கு வர வேண்டிய காசில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து, அதற்கு அவரைக் கும்பிட வைத்திருக்கிறார்கள்.

ஆகவே "சோறு போட்டேன்" என்ற சொல் என் காதில் விழும்போது என்னால் நிதானமாக இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். கோபம்தான்.

"எண்பத்து மூன்றில் கடை எரிஞ்சு, திரும்ப எழும்பி வந்த தமிழ் முதலாளிமாரை நீங்களே காட்டிக்கொடுக்கிறீங்க" என்று இன்பொக்ஸில் ஒருவர் எழுதினார். இதுதான் ஆகக் கூட நோகிறது. 1983 கலவரத்தில் கடை எரிந்தபோது மேல்மாடியில் படுத்திருந்த பொடியன்களும் ஓடினார்களே? அவர்களும் தமிழர்தானே? முதலாளிக்குக் கஷ்டம் வந்தால் "நம்ம இனம்". பொடியன் காசு கேட்டால் "தோட்டத்துப் பொடியன்". 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 மேடை போட்டபோது என் நண்பர்கள் பலர் புரொஃபைல் படம் மாற்றினார்கள். அதே நண்பர்களில் இரண்டு பேர் இப்போது அந்தக் காணொளியைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

1947 ஜூன் 5ஆம் திகதி, பொது வேலைநிறுத்தத்தில், கொழும்பில் ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டு ஒரு அரசாங்க லிகிதர் செத்தார். பெயர் கந்தசாமி. தமிழர். உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிச் செத்தவர். அவரையும் நன்றிகெட்டவர் என்பீர்களா?

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். அந்தப் பொடியன் ஒன்றும் அதிகம் கேட்கவில்லை, தன் சம்பளத்தைத்தான் கேட்டான்.

அவனுடைய சித்தி எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறா. திங்கட்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்கு அவனோடு போகிறேன். வேலையிலிருந்து நிறுத்தியதற்குத் தொழில் நியாயசபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதையும் விசாரிக்க இருக்கிறோம். கையில் இருப்பது கடை டீசேட்டோடு எடுத்த நாலைந்து ஃபோட்டோ, "சீக்கிரம் வாடா" என்று மனேஜர் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள், அவன் சம்பள முற்பணம் எடுத்ததை எழுதி வைத்த ஒரு கொப்பி. இவை போதுமா என்று தெரியவில்லை. அவனோடு அந்தக் கடையில் நின்ற இரண்டு பேராவது வந்து, இவன் இங்கே வேலை செய்தவன் என்று சொன்னால் நல்லது. இதை வாசிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எனக்கு எழுதுங்கள். என் பக்கத்திலிருந்து பெயர் வெளியே போகாது.