சதுர அடி மட்டும் போதாது

கடைகளிடம் உள்ளாட்சி அமைப்பு வாங்கும் ஆண்டு உரிமக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் நிர்ணயிப்பதுதான் நியாயம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. இருபது வருடமாக மாவு மில் நடத்துகிறேன். அரிசிக்கு ஒரு மிஷின், மிளகாய்க்குத் தனியாக ஒன்று, அரைத்த மாவை ஆற வைக்க இடம், வந்தவர்கள் டின்களை வரிசையில் வைக்க இடம். பக்கத்து செல்போன் கடை பத்துக்குப் பத்துதான். அங்கே ஒரு வாரம் புரளும் பணம் எனக்கு மூன்று மாதத்தில்கூட வராது. ஆனால் அதிகம் கட்டப்போவது நான்.

அப்புறம், பலர் இதைத் தொழில் வரியோடு குழப்பிக்கொள்கிறார்கள். தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவிலேயே இருக்கிறது. உரிமக் கட்டணம் வேறு. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 1954-ல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது: கட்டணம் என்றால் செய்யும் சேவைக்காக வாங்குவது.

எங்கள் தெருவில் அந்தச் சேவை எங்கே? மில் வாசலில் சாக்கடை மூடி உடைந்து, நானே கடப்பைக்கல் வாங்கிப் போட்டேன். போன மார்ச்சில் உரிமம் புதுப்பிக்க மூன்று நாள் மில்லைப் பூட்டிவிட்டு அலைந்தேன். இடியாப்பத்துக்கு ஊறவைத்த அரிசியோடு வந்த ஒரு பாட்டி, பூட்டைப் பார்த்துவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பிப் போனாராம். கேட்டபோது மனசு கனத்துவிட்டது.

கட்டணத்தை உயர்த்தட்டும், சரி. தொழிலின் வருமானத்தையும் சேரும் குப்பையையும் பார்த்து உயர்த்தட்டும். அதற்கு முன் வரைவுப் பட்டியலை வார்டு வார்டாக ஒட்டி, எங்கள் ஆட்சேபணைகளைக் கேட்கட்டும்.