நைல்ஸ் வரவில்லை. சரி, அதனால்?

நேற்று ராத்திரியிலிருந்து என்னை டேக் செய்துகொண்டே இருக்கும் நண்பர்களுக்கு: பார்த்துவிட்டேன். மீமையும் பார்த்தேன், அதற்குக் கீழே நடந்த கும்மியையும் பார்த்தேன். ஒரு காலி சோபா, மேலே 'நைல்ஸ் இல்லாத ஃப்ரேசியர்'. தெரியாதவர்களுக்கு: ஃப்ரேசியர் ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர், நைல்ஸ் அதில் நாயகன் ஃப்ரேசியரின் தம்பி. தொடரைத் திரும்ப எடுத்தபோது தம்பியாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கிண்டல். நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் "இந்தக் குப்பையை ரெண்டு சீசனும் உட்கார்ந்து பார்த்த ஒரே தமிழன்" என்று என் பெயரை இழுத்தீர்கள் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லாவிட்டால் இன்று எனக்குச் சோறு இறங்காது.

எடுத்ததும் சொல்லிவிடுகிறேன். பழைய கூட்டாளிகள் இல்லாமல் ஒரு பழைய தொடரைத் திரும்ப எடுக்கலாம். எடுபடும். 2023 அக்டோபரில் பாரமவுண்ட் பிளஸ் ஓடிடியில் வந்த புது ஃப்ரேசியர் எனக்கு எடுபட்டது. சீசனுக்குப் பத்து என்று இருபது எபிசோடு. இருபதையும் பார்த்தேன், சிலவற்றை இரண்டு தடவை. 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், தெரியும். நிறுத்திய அன்றைக்கும் டேக் செய்தீர்கள், அதுவும் நினைவிருக்கிறது.

நீங்கள் போட்டிருக்கும் சட்டம் என்ன? கூட நடித்தவர்கள் வராவிட்டால் தனியாக வரக்கூடாது. இந்தச் சட்டத்தை, பழைய ஃப்ரேசியர் தொடங்கிய 1993-இல் போட்டிருந்தால் உங்கள் நைல்ஸே கிடையாது. ஃப்ரேசியர் கிரேன் என்ற ஆள், அந்தத் தொடர் நடக்கும் சியாட்டிலில் முளைத்தவன் இல்லை. 1984-இல், ஒரு பாரில் நடக்கும் சியர்ஸ் என்ற தொடரின் மூன்றாவது சீசனில், அதன் நாயகி டயானுக்கு ஒரு காதலன் தேவைப்பட்டதற்காக உள்ளே வந்தவன். டயான் கல்யாணத்துக்கு வராமல் ஓடிவிட்டாள். இவன் மட்டும் அந்த பாஸ்டன் பாரை விட்டு எழுந்திருக்காமல் தொடர் முடிகிறவரை உட்கார்ந்திருந்தான். அப்புறம் அந்த பார் கூட்டாளிகளான சாம் இல்லாமல், நார்ம் இல்லாமல், கிளிஃப் இல்லாமல், கார்லா இல்லாமல், ஒற்றை ஆளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சியாட்டில் போனான். அன்றைக்கு முகநூல் இருந்திருந்தால் ஒரு காலி பார் ஸ்டூலைப் படம் பிடித்து 'சாம் இல்லாத சியர்ஸ்' என்று போட்டிருப்பீர்கள். அந்த ஒற்றை ஆள்தான் 11 சீசன், 264 எபிசோடு ஓடினான். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதைத் தொடர்ந்து ஐந்து வருஷம் வாங்கினார்கள். மொத்தம் 37 எம்மி.

இன்னொன்றும் கேளுங்கள். நைல்ஸ் என்று ஒரு தம்பி இருப்பதாக யாரும் முதலில் யோசிக்கவே இல்லை. நடிகர் தேர்வில் வேலை பார்த்த ஒரு பெண் டேவிட் ஹைட் பியர்ஸின் படத்தைக் கொண்டுவந்து, பாருங்கள், ஃப்ரேசியராக நடிக்கும் கெல்சி கிராமர் சின்ன வயதில் இருந்ததுபோலவே இருக்கிறார் என்று காட்டியபிறகுதான் அந்தத் தம்பி பிறந்தான். அப்பா மார்ட்டின் கதை இன்னும் வேடிக்கை. சியர்ஸில் இருந்தபோது ஃப்ரேசியர் தன் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லியிருந்தான்! சாம் ஒருநாள் சியாட்டிலுக்கு வந்து நிற்கும்போது, அப்போது அப்பாவோடு சண்டை, கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சமாளிப்பான். ஃப்ரேசியரோடு வேலை பார்க்கும் ரோஸ் பாத்திரத்துக்கு முதலில் எடுத்தது லிசா குட்ரோவை, ஒத்திகையிலேயே மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு நீங்கள் 'இவர்கள் இல்லாமல் முடியாது' என்று சொல்லும் அத்தனை பேரும் அன்றைக்கு யாரும் கேட்காத புது ஆட்கள்.

"அது வேறு, அது புதுக் கதை. இது பழைய பெயரை வைத்துக் காசு பார்ப்பது" என்று நீளமாக ஒருவர் எழுதியிருந்தார். கொஞ்சம் நியாயம்தான். காசு பார்க்கத்தான் எடுத்தார்கள். 1993-இல் மட்டும் தர்மத்துக்கா எடுத்தார்கள்? விடுங்கள்.

இப்போது அந்தப் புதுத் தொடரில் என்ன இருந்தது என்று, பார்க்காமலே தீர்ப்பெழுதியவர்களுக்காகச் சொல்கிறேன். 1993-இல் முதல் எபிசோடின் பெயர் 'நல்ல மகன்'. இடுப்பில் குண்டடி பட்ட போலீஸ்கார அப்பா, தன் பழைய நாற்காலியோடு மகனின் பளபள வீட்டுக்குள் குடிவருகிறார். 2023-இல் முதல் எபிசோட் 'நல்ல அப்பா'. இரண்டையும் இயக்கியவர் அதே ஜேம்ஸ் பரோஸ். இப்போது அந்தப் பளபள மனுஷன், அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்து வரும் வழியில், ஹார்வர்டை விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரனாகிப்போன மகன் ஃப்ரெடியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். யாரும் அழைக்கவில்லை. அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018-இல் இறந்துபோனார். புதுத் தொடரில் அவர்கள் கூடும் பாருக்கு மஹோனி'ஸ் என்று பெயர். ஒரு கைக்குழந்தைக்கு ஜான் என்று பெயர். வராதவர்களை மறந்துவிட்டு எடுத்த தொடர் மாதிரியா இருக்கிறது இது?

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். நைல்ஸ், டாஃப்னி தம்பதியின் மகன் டேவிட் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பாவம், அந்தப் பையன் நைல்ஸின் ஜெராக்ஸ் காப்பியாக இரண்டு சீசன் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். எங்கெல்லாம் பழைய இடத்தில் ஆள் வைத்துப் பார்த்தார்களோ அங்கெல்லாம் சறுக்கியது. எங்கே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்களோ அங்கே நின்றது. ஆலன் கார்ன்வாலைப் பாருங்கள். ஃப்ரேசியரின் பழைய கல்லூரி நண்பன், பாடம் நடத்துவதைத் தவிர்க்க எந்த எல்லைக்கும் போகும் பேராசிரியர், கையில் எப்போதும் கிளாஸ். நடித்தவர் நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட். பிரிட்டனில் அவரை இன்றும், பழைய தொடர் ஒன்றில் அவர் நடித்த பாத்திரத்தின் பெயரால் ரோட்னி என்று கூப்பிடும் கூட்டம் உண்டு. அவரும் கிராமரும் ஒரே பிரேமில் நின்றால் நான் நைல்ஸைத் தேடவில்லை. உண்மையாகவே தேடவில்லை. நைல்ஸ் தம்பி, எதிலும் போட்டி. ஆலன் நண்பன், எதிலும் போட்டியிடாத சோம்பேறி. இரண்டும் இரண்டு ருசி.

"செந்தில் இல்லாத கவுண்டமணி எடுபடுமா?" என்று கேட்டு நூறு லைக் வாங்கியிருக்கிறார் ஒரு நண்பர். ஐயா, சத்யராஜோடு கவுண்டமணி அடித்த கூத்தையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எல்லாரும் வந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? வில் அண்ட் கிரேஸ் தொடரை 2017-இல் திரும்ப எடுத்தபோது முக்கிய நடிகர்கள் நான்கு பேரும் வந்தார்கள். மூன்று சீசனில் முடிந்தது. நைட் கோர்ட் தொடரைத் திரும்ப எடுத்தபோது பழைய ஆட்களில் ஜான் லாரொகெட் மட்டும்தான் முழுநேரமாக வந்தார். நீதிபதியாக நடித்த ஹாரி ஆண்டர்சன் இறந்துபோயிருந்தார். அதுவும் மூன்று சீசன். ரோசன் தொடரில் தலைப்பில் பெயர் இருந்த, அம்மாவாக நடித்தவரையே 2018-இல் ஒரு ட்வீட்டுக்காக வெளியே அனுப்பிவிட்டு, மிச்சக் குடும்பத்தை வைத்து த கானர்ஸ் என்று எடுத்தார்கள். அது 2025 வரை ஏழு சீசன். மாஷ் தொடர் முடிந்தபின் அதன் மூன்று பழைய ஆட்களை வைத்து எடுத்த தொடர் படுத்ததே என்பீர்கள். படுத்தது. அதற்கு ஆயிரம் காரணம், இங்கே எழுத இடமில்லை.

எனக்கு இந்தத் தொடர் எப்படி வந்தது என்று சிலருக்குத் தெரியும். 2005 வாக்கில் பர்மா பஜாரில் அண்ணன் வாங்கிவந்த டிவிடிகள். ஒரு தட்டில் எத்தனை எபிசோடு இருக்கும் என்று சொல்ல முடியாது, சிலது பாதியில் நின்றுவிடும். அண்ணனும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். அப்பா பின்னால் ஈசிச்சேரில். அவருக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடாது. ஆனால் எடி என்ற அந்த நாய் ஃப்ரேசியரையே முறைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நைல்ஸ் கால்சட்டைக்கு இஸ்திரி போடப் போய் வீட்டையே கொளுத்தும் காட்சி உண்டே, வசனமே இல்லாதது, அதை அவருக்காக நான்கு தடவை போட்டோம். கடைசித் தடவை அவர்தான் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார், "இப்ப மயங்கி விழுவான் பாரு" என்று.

மார்ட்டினின் நாற்காலியில் டேப் ஒட்டியிருக்கும். எங்கள் ஈசிச்சேரில் கிழிந்த இடத்தை அம்மா பழைய வேட்டித் துணியால் தைத்திருந்தாள். அதைத் தூக்கிப்போடச் சொல்லி அண்ணன் சண்டை போட்டான், நான் வேண்டாம் என்றேன். இது சும்மா ஒரு தகவலுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வகைக் கமெண்ட்தான் எனக்கு இன்னும் எரிச்சல். "பியர்ஸ் சுயநலக்காரர், ரசிகர்களுக்காகவாவது வந்திருக்கலாம்" என்று. ஏன் வர வேண்டும்? பதினோரு வருஷம் நடித்தார், பதினோரு வருஷமும் எம்மிக்குப் பரிந்துரை ஆனார், நான்கை வாங்கினார். அப்புறம் நாடக மேடை, ஜூலியா தொடர் என்று வேறு வேலை பார்த்தார். அவருக்கு இஷ்டமில்லை, வரவில்லை. ஒரு மனுஷனுக்குப் போதும் என்று தோன்ற உரிமை இல்லையா? டாஃப்னியாக நடித்த ஜேன் லீவ்ஸும்தான் வரவில்லை. அவரை யாரும் திட்டக் காணோம், அது ஏன் என்றும் யோசியுங்கள். பெரி கில்பின் ரோஸாகச் சில எபிசோடுகளுக்கு வந்துபோனார், ஃப்ரேசியரின் முன்னாள் மனைவி லிலித் வந்தாள், போதாதா?

ஆனால் கவனித்தீர்களா? திட்டுகிற கூட்டமும் சரி, ஏங்குகிற கூட்டமும் சரி, பேச்சு முழுக்க வராதவரைப் பற்றித்தான். அவர் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும், இந்த இடத்தில் புருவத்தை எப்படித் தூக்கியிருப்பார், இதைத்தான் பேசுகிறீர்கள். வந்து நின்றவரைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அறுபத்தெட்டு வயதில் கிராமர் திரும்ப வந்து, பார்வையாளர்கள் முன்னால் நின்று, அதே குரலில், அதே கனத்தோடு வசனம் பேசினார். 1984-இல் ஏற்ற பாத்திரம். அவருக்கு நீங்கள் கொடுத்தது காலி சோபா. வராதவருக்கு எப்போதும் மரியாதை. வந்தவன் ஏமாந்தவன்.

நான் மிகைப்படுத்துவதாகச் சொல்வீர்கள். சொல்லுங்கள். அப்பாவுக்குத் திதி கொடுக்கும்போது வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன். விடியற்காலை எழுந்து வாழை இலை வாங்கி, ஐயரை அழைத்துவந்து, சமையலுக்குச் சொல்லி, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு நிற்பவன் நான். உள்ளே வரும் அத்தை செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கும் கேள்வி, "பெரியவன் வரலையா?" வரவில்லை அத்தை, அவனுக்கு அங்கே லீவு கிடைக்கவில்லை. "ஐயோ பாவம், அவனுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்!" அப்புறம் சாப்பிடும்போது முழுக்க அவன் கதைதான். அவன் சின்ன வயதில் பாயசம் எத்தனை கிண்ணம் குடிப்பான், அப்பாவைப் போலவே எப்படி நடப்பான். அந்தப் பாயசத்தைப் பரிமாறிக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்".

இதற்கும் ஃப்ரேசியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், எங்கோ போகிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நைல்ஸ் இல்லாமலும் எடுக்கலாம். முன்பு மாதிரி இருக்காது. இருக்கும் என்று நான் சொல்லவே இல்லையே? 2023-இல் ஃப்ரேசியர் அந்த வாசலில் நிற்கும்போது அவனுக்கே தெரியும், அப்பா இல்லை, தம்பி கூட இல்லை, மகனுக்குத் தன்னைப் பிடிக்குமா என்றுகூடத் தெரியாது. இருந்தும் நின்றான். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காதீர்கள், பழைய 264 எபிசோடும் எங்கும் போய்விடவில்லை. பார்த்தவனைக் கிண்டல் செய்வதை மட்டும் நிறுத்துங்கள்.

கமெண்ட் பாக்ஸை மூடவில்லை. காலி சோபா படத்தை இங்கேயும் யாராவது ஒட்டினால் பிளாக் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்த மீமுக்கு முந்நூறு சொச்சம் ஹாஹா. யார் யார் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. அண்ணா, உன் பெயரும் இருந்தது. பரவாயில்லை. அடுத்த மாதம் ஏழாம் தேதி திதி. டிக்கெட் விலை தெரியும், அதனால் கேட்கவில்லை. தேதி மறந்திருக்குமோ என்று சொல்லிவைக்கிறேன்.