கூட்டத்தொடருக்கு முன் உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது

சட்டப்பேரவை கூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் எம்.எல்.ஏ. அலுவலகங்களில் பட்டியல் தயாராகும். அரசுக் கலைக் கல்லூரி, புறவழிச்சாலை, புதிய தாலுகா, மருத்துவமனைத் தரம் உயர்வு, தடுப்பணை, குளிர்பதனக் கிடங்கு என்று நாற்பது ஐம்பது கோரிக்கை. அவையில் அதை மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, அந்தத் துண்டு வீடியோவை முகநூலில் ஏற்றினால் தொகுதிக் கடமை முடிந்தது என்று நாமும் ஒப்புக்கொண்டுவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கூட்டத்தொடருக்கு மூன்று வேலை போதும். அந்த மூன்றும் இன்று யார் மேசையில், எந்தக் கட்டத்தில் கிடக்கின்றன என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். ஐம்பது கேட்பவருக்கு "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே பதிலில் கதையை முடித்துவிடலாம். அரசாணை எண்ணைச் சொல்லி ஒன்றைக் கேட்பவரிடம் அது நடக்காது.

முதலில் நேரக் கணக்கு. உறுப்பினர்கள் 234 பேர். ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதிலும் முதல் சில நிமிடங்கள் தலைவருக்கு நன்றி, வாக்களித்த மக்களுக்கு வணக்கம், ஒரு கவிதை. மணி அடித்த பிறகுதான் தொகுதிப் பக்கமே வருவார்கள்.

அடுத்தது, கேட்கும் காலமே தப்பு. மார்ச்சில் வரும் பட்ஜெட்டுக்குத் துறைகள் தங்கள் கணக்கை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே நிதித்துறைக்கு அனுப்பிவிடும். மானியக் கோரிக்கை முடிவில் அமைச்சர் வாசிக்கும் புதிய அறிவிப்புகளும் அன்று காலை எழுதியவை அல்ல. கோட்டப் பொறியாளரிடமிருந்து தலைமைப் பொறியாளர், அங்கிருந்து துறைச் செயலாளர், பிறகு நிதித்துறை என்று ஏறி இறங்கி, விவாதத்துக்கு வெகு முன்பே பட்டியல் முடிவாகியிருக்கும். முதலமைச்சர் பேரவை விதி 110-ன் கீழ் அறிவிப்புகளை வாசிப்பதும் இப்படித்தான். கூடவே அந்த அறிக்கையின் மீது விவாதமும் கிடையாது. ஆகவே விவாத நாளில் எழுந்து நின்று உருகிப் பேசுவது பதிவேட்டுக்கு உதவும், அந்த ஆண்டுப் பட்டியலுக்கு உதவாது. நவம்பரிலேயே தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் தன் தொகுதி எஸ்டிமேட் இருக்கிறதா என்று பார்த்த எம்.எல்.ஏ.வுக்குத்தான் மார்ச்சில் பேச்சு பலிக்கும். அந்தப் பட்டியலில் விட்டுப்போனால் ஆண்டின் நடுவே கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை என்று இன்னொரு கதவு உண்டு (அரசமைப்புச் சட்டப் பிரிவு 205). புதிய பணிக்குப் பெயரளவில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி அவையின் ஒப்புதலை வாங்கிவிட்டால், மீதிப் பணத்தை வேறு தலைப்பின் சேமிப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கதவைத் தட்டுகிற உறுப்பினர்கள் குறைவு.

கேள்வி கேட்கும் முறைக்கு வருவோம். நம் பேரவையில் கேள்விகளுக்கென்றே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: "…அமைக்க அரசு ஆவன செய்யுமா?" இதற்குப் பதிலும் வாய்ப்பாடாகவே வரும்: "சாத்தியக்கூறுகள் ஆராயப்பட்டு, நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." இரண்டு பக்கமும் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டி முடித்து, அது இருபுறமும் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் புதிதல்ல. தண்டவாளப் பகுதி ரயில்வேயின் பொறுப்பு, இருபுற அணுகுசாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. செலவைப் பாதிப் பாதியாகப் பகிர வேண்டுமானால், ரயில்வே கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகன அலகுகளையும் பெருக்கி வரும் டி.வி.யு. ஒரு லட்சத்தைத் தொட வேண்டும். அதன் பிறகு இரு தரப்பும் பொது வரைபடத்தில், அதாவது ஜி.ஏ.டி.யில், கையெழுத்திட வேண்டும். அடுத்துத்தான் உண்மையான இழுபறியான நில எடுப்பு. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன்படி முதலில் நில உரிமையாளருக்குப் பிரிவு 15(2) நோட்டீஸ், ஆட்சேபணை விசாரணை, பிறகு நிலத்தை எடுக்கும் பிரிவு 15(1) அறிவிக்கை, அதற்கப்புறம் இழப்பீடு. கடைக்காரர்களின் வழக்கு ஒரு பக்கம் ஓடும். இதற்கிடையே மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் நகர்த்த வேண்டும். அதற்கு மின்வாரியமும் குடிநீர் வாரியமும் தனித்தனி எஸ்டிமேட் போட்டு, பணம் கட்டச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் எழுதும். அந்தக் கடிதம் எந்தக் கோப்பில் சொருகிக் கிடக்கிறது என்று தேடவே ஒரு பருவமழை போய்விடும்.

இவ்வளவும் தெரிந்தால் கேள்வி தானாக மாறும். இந்தக் கடவுப்பாதையில் (ரயில்வே கேட்) கடைசி டி.வி.யு. கணக்கெடுப்பு எந்த நாளில் நடந்தது, எண்ணிக்கை என்ன? பொது வரைபடத்துக்கு ரயில்வே எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தது? நில எடுப்புக்கு நிர்வாக ஒப்புதல் தந்த அரசாணை எண் என்ன, மொத்தப் பட்டாதாரர்களில் எத்தனை பேருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது? நில எடுப்புத் தனி வட்டாட்சியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, அந்தத் தற்காலிகப் பணியிடங்களுக்கு நீட்டிப்பு ஆணை வந்துவிட்டதா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். நில எடுப்பு அலகுகள் பெரும்பாலும் தற்காலிகப் பணியிடங்களால் ஆனவை, அவ்வப்போது நீட்டிப்பு ஆணை வேண்டும். ஆணை தாமதமானால் அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளப் பட்டியலே போட முடியாது. அப்புறம் எங்கே விசாரணை, எங்கே இழப்பீடு? கோடிக்கணக்கான ரூபாய்ப் பாலம் ஒரு நீட்டிப்பு ஆணைக்காக நிற்பதை எந்த மேடைப் பேச்சும் கண்டுபிடிக்காது. எழுத்துப்பூர்வமான கேள்வி கண்டுபிடிக்கும், ஏனென்றால் பதில் தயாரிக்கவே அந்தக் கோப்பை யாராவது எடுத்தாக வேண்டும். கேள்வியின் பாதிப் பயன் அதுதான், அவையில் பதில் வரும் முன்பே கிடைத்துவிடுகிறது.

ரயில்வே கேட்டை மூடும் விஷயமும் இதோடு சேர்ந்தது. கடவுப்பாதையை நிரந்தரமாக மூட ரயில்வே மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் கேட்கும். சம்மதம் தருமுன் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சுரங்கப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்று எம்.எல்.ஏ. பார்த்துவிட வேண்டும். பாலம் திறந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துப் பதறி, தனியாக இன்னொரு கோரிக்கை வைப்பது வீண்வேலை.

சுகாதார நிலையம், பள்ளிக்கூடம் போன்றவற்றில் விதிமுறைதான் முதல் சுவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலைப்பகுதியில் 20,000 பேர் என்பது அளவுகோல். துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மற்றும் 3,000. இதைப் பார்க்காமல் "எங்கள் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும்" என்றால், அமைச்சர் பக்கத்து நிலையத்தின் தூரத்தைச் சொல்லி, மக்கள்தொகை போதாது என்று உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஊரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புப்படி குறைவு, ஆனால் அதன்பின் சிப்காட்டோ குடியிருப்பு மனைகளோ வந்துவிட்டன என்றால், அதற்குச் சான்று வேண்டும். வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டைகளின் எண்ணிக்கை, பக்கத்து நிலையத்தின் தினசரி வெளிநோயாளி எண்ணிக்கை, கிராம சபைத் தீர்மான நகல் என்று கோப்பில் இணைக்க வேண்டியது இவை. கூடவே இடம். நீர்நிலைப் புறம்போக்கைக் காட்டினால் நீதிமன்றத் தடைகளைச் சொல்லிக் கோப்பு அன்றே திரும்பும். சர்வே எண்ணும் வகைபாடும் சரிபார்த்த இடமாக இருக்க வேண்டும்.

எம்.எல்.ஏ. நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அறுபது ஊராட்சிகள் உள்ள ஒரு கிராமப்புறத் தொகுதியில் சமமாகப் பிரித்தால் ஊருக்கு ஐந்து லட்சம். அதனால்தான் நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு என்று கரைகிறது. இதைப் பேரவை வேலையோடு குழப்பக் கூடாது. அந்த நிதிப் பணிகளுக்கு நிர்வாக ஒப்புதல் தருபவர் மாவட்ட ஆட்சியர், அதற்குக் கோட்டைக்கு வர வேண்டியதே இல்லை. 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்தப் பத்து என்ன, எவற்றுக்கு அரசாணை வந்தது, எவை ஏன் நின்றன என்ற கணக்கைத் தொகுதி மக்கள் முன் வைத்தவர்கள் எத்தனை பேர்? புதிய பட்டியல் போடும் முன் பழைய பத்தின் நிலையைப் பார்ப்பது நல்லது. திட்ட மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று ஐந்து படி. "அரசு அனுமதித்துவிட்டது" என்று பேனர் வைப்பது பெரும்பாலும் இரண்டாம் படியில். டெண்டருக்கு 2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். எஸ்டிமேட் பழைய விலைப்பட்டியலில் போடப்பட்டிருந்தால் ஒப்பந்ததாரர் யாரும் வரமாட்டார், மறு டெண்டர். அதற்குள் மார்ச் 31 வந்தால் அந்த ஆண்டு ஒதுக்கீடு திரும்பிவிடும்.

தொகுதிக்கு வெளியேயும் எம்.எல்.ஏ.வுக்கு வேலை உண்டு என்பதை மறந்தே போனோம். அவர் சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர். 2023 ஏப்ரல் 21-ம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 12 மணி நேர வேலை என்று பெயர் வாங்கிய அதே மசோதா. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறும் அறிவிப்பு. தெருவில் எதிர்ப்பு வந்ததால் அது நின்றது, அவையில் நிற்கவில்லை. அதே நாளில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ள பெரிய நிலப்பரப்பைத் திட்டங்களுக்கு ஒதுக்குவதைப் பற்றிய சட்டம் அது. விவாதம் இல்லை. அது சட்டமாகவும் ஆகிவிட்டது.

கடைசி நாளில் கட்டாக வரும் மசோதாக்களை எல்லோராலும் படிக்க முடியாது, உண்மைதான். ஒரு உறுப்பினர் ஒன்றையாவது பொறுப்பெடுக்கலாம். மசோதாவோடு வரும் நோக்கக் காரண விளக்கவுரை எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும், அதை விட்டுவிட்டு "அரசு அறிவிக்கை மூலம்" என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்தாலே போதும். அங்கேதான் அவையின் அதிகாரம் அதிகாரிகள் கைக்குப் போகிறது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரித் திருத்தம் கொடுக்கலாம். தோற்கும், ஆனாலும் பதிவில் இருக்கும். ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கொறடா உத்தரவு தடை என்பார்கள். கொறடா உத்தரவு வாக்கைத்தான் கட்டும், சந்தேகம் கேட்பதைக் கட்டாது.

இன்னொன்று, உறுதிமொழிக் குழு. அவையில் அமைச்சர் "செய்து தரப்படும்" என்று சொன்னால் அது உறுதிமொழி, நிறைவேறியதா என்று பார்க்கவே அந்தக் குழு இருக்கிறது. "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலை விட்டுவிட்டுத் துணைக் கேள்வியில் "இந்த நிதியாண்டுக்குள்ளா?" என்று கேட்டு ஒரு காலக்கெடுவை வாங்கினால், குழுவுக்குக் கையில் பிடி கிடைக்கும். துணைக் கேள்வி நேரத்தை நன்றி சொல்வதில் கழிப்பவர்களுக்கு இது பொருந்தாது.

எனவே கூட்டத்தொடர் தொடங்கும் முன் உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் மனு மட்டும் கொடுத்துத் திரும்பாதீர்கள். இந்த முறை நீங்கள் எடுத்திருக்கும் மூன்று வேலை எது, ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வந்த கடிதத்தின் நாள் என்ன, எந்தெந்தத் துறைக்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உதவியாளரைத் திரும்பிப் பார்த்தால் பரவாயில்லை, அவரிடம் கோப்பு இருக்கலாம். கோப்பும் இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடி போங்கள், அதே மூன்று கேள்வியோடு.